மாமா காளான் அறுக்கும் இடம்

ஷிலகாலிஸ் கிராமம்,
உருளைக்கிழங்கு தோண்டி முடிந்த வாரம்.

கவுனாஸ் பட்டணத்தில் காளான் பொடி வியாபாரம் தொடங்கியிருக்கும் என் தங்கை மகன் அவுரிமஸுக்கு, உன் தாய்மாமன் அனுப்ரஸ் வாயால் சொல்ல, பக்கத்து வீட்டுப் பார்போரா கையால் எழுதும் கடிதம். இயேசுவுக்குப் புகழ் உண்டாகட்டும். இங்கே நான் நலம், பன்றி நலம், கூரை மட்டும் மேற்குப் பக்கத்தில் நலமில்லை. அங்கே உன் நலமும், உன் மனைவி ரூத்தாவின் நலமும், அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நலமும் அறிய ஆவல். பிள்ளைக்கு என் பெயரை வைக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை; சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

இனி விஷயம். கவலையை விடு. ஜெயம் நம் பக்கம். அந்த அதிகாரி அம்மாள் வந்தாள், ஒரு பகல் முழுக்கக் காட்டைச் சுற்றினாள், நம் இடத்தின் ஓர் இலையைக்கூடப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டாள். உன் மாமன் உயிரோடு இருக்கும்வரை உன் வியாபாரத்தை எவராலும் அசைக்க முடியாது என்பதை ரூத்தாவிடமும் சொல்.

நீ போன வாரம் பார்போராவின் போனில் கூப்பிட்டுச் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகமிருக்கிறது. எனக்கு எழுத்துதான் வராது. பள்ளிக்கூடம் எரிந்த வருஷத்தில் பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்தவன் நான். ஆனால் காதுக்குள் போனது எதுவும் இன்றுவரை வெளியே வந்ததில்லை. நீ சொன்னாய்: "மாமா, பொடி டப்பாவக் கடையில வெக்கணும்னா, காளானை எந்த இடத்துல அறுக்கறோம்னு ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா நேர்ல வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். அவங்க போடலேன்னா கொட்டகை, உலர்த்தற மெஷினு, அரைக்கற மெஷினு எல்லாத்தையும் இழுத்து மூடிட்டு நான் மறுபடி நார்வேக்கு மீன் வெட்டப் போகணும். பிள்ளை பொறக்கறப்போ நான் இங்க இருக்கமாட்டேன். அதனால எல்லாத்தையும் காட்டிடுங்க மாமா."

எல்லாத்தையும் காட்டிடுங்க! இதைக் கேட்டதும் நான் திரும்பிப் பார்த்தேன். போனுக்கு ஒரு சாண் தூரத்தில் பார்போராவின் காது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, பையன் நார்வேயில் எத்தனை மீன் வெட்டினாலும் ரத்தம் நம் ஊர் ரத்தம்தான், பக்கத்தில் ஆள் இருப்பதை வாசனையிலேயே தெரிந்துகொண்டு சங்கேதமாகப் பேசுகிறான் என்று. இந்த ஊரில் எவன் எவனிடம் காளான் இடத்தைக் காட்டியிருக்கிறான்? கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்துவிட்டு வந்தவன்கூட, கூடையைப் பார்த்து "எங்கேப்பா கிடைச்சுது?" என்று கேட்டால் "அதோ அந்தப் பக்கம்" என்று கிடைக்காத பக்கம்தான் கை நீட்டுவான், கேட்டவனும் அதைப் பாவமாக நினைக்கமாட்டான். உன் அம்மா, என் கூடப்பிறந்தவள், தன் மஞ்சள் காளான் இடத்தை எனக்குச் சொல்லாமலே கல்யாணம் செய்துகொண்டு போனாள். நான் கோபித்துக்கொண்டேனா? அப்படிப்பட்டவளின் மகன் "எல்லாத்தையும் காட்டு" என்றால் அதற்கு "ஒண்ணையும் காட்டாதே" என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? (பார்போரா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "என்ன பார்க்கறே? எழுது." "என் போனு, என் காது, என் வீடு. இதுல நான் ஒட்டுக் கேட்டேன்னு வேற நானே எழுதணும்." "எழுது, எழுது.")

நம் பிர்ச் காளான் இடம் இருக்கிறதே, அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கூட்டுப்பண்ணைக் காலத்தில் ஒரு தலைவர் இருந்தார், வயிற்று வலிக்காரர், தொப்பி போட்டால் காது இரண்டும் வெளியே மடங்கி நிற்கும். பிர்ச் மரத்தில் கரி அப்பினாற்போல் கறுப்பாகப் புடைத்துக்கொண்டு வருமே, அதைத் தட்டி எடுத்துக் காய்ச்சிக் குடித்தால் வயிற்றுக்கு நல்லது என்று எவனோ சொல்லிவிட்டான். என்னிடம் வந்து அதட்டிக் கேட்டார். நான் தெற்கே காட்டினேன். சைக்கிளில் தெற்கே போனார், சதுப்பில் இறங்கினார், அவர் மட்டும் திரும்பி வந்தார். இந்தப் பார்போராவும் அவள் புருஷன் யுவோசபஸும், அவன் ஆத்மா சாந்தியடையட்டும், ஒரு பனிமூட்டமான காலையில் என் பின்னாலேயே பூனைபோல வந்தார்கள். காலடிச் சத்தம் எனக்குக் கேட்காதா? மத்தியானம்வரை காட்டைச் சுற்றோ சுற்று என்று சுற்றிக் கடைசியில் அவர்களை அவர்களுடைய உருளைக்கிழங்கு வயலிலேயே கொண்டுபோய் விட்டேன். அன்றோடு சரி. இன்றுவரை இவளுக்கு அந்த இடம் தெரியாது. உனக்கே சொல்லாததற்கு மனத்தாங்கல் வேண்டாம். நான் செத்த பிறகு நிச்சயமாகச் சொல்கிறேன். எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, அந்த அம்மாள் கதைக்கு வருகிறேன். பெயர் யோலந்தா. நடுவயது, பேச்சில் தேன், காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். பூட்ஸைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது; பட்டணத்து அதிகாரி என்றால் குதிகால் செருப்போடு அல்லவா வரவேண்டும்? உட்காரவைத்து உருளைக்கிழங்கு அப்பமும் புளித்த பாலும் வைத்து, நம் காளானைக் காய்ச்சிய கறுப்புத் தண்ணீரையும் ஒரு குவளை கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாள். குடித்துவிட்டுப் பையிலிருந்து உன் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "பெரியவரே, இதுல 'முழங்கால் முதல் இதயம்வரை குணமாக்கும்'னு போட்டிருக்கு. இதை எடுத்திடணும். இது மருந்தில்ல, சாப்பாட்டோட கூடச் சேர்த்துக்கற பொருள். அவ்வளவுதான் சொல்லலாம்." நான் விட்டேனா? "அம்மணி, நான் தினமும் குடிக்கறேன். என்னைப் பாருங்க." "சந்தோஷம். உங்களுக்கு என்ன நோய் குணமாச்சு?" "எனக்கு நோயே வரலையே." "அப்போ எது குணமாச்சு?" "வராத நோயெல்லாம்தான்!" அவள் சிரித்துவிட்டாள். "முழங்கால்?" என்றாள். "முழங்கால் வலி குளிரால வர்றது, அதுக்குக் காளான் பொறுப்பாகாது" என்றேன். எதையோ எழுதிக்கொண்டாள். பதில் சொல்ல முடியாதபோது அதிகாரிகள் எழுதுவார்கள், எனக்குத் தெரியும்.

பிறகு, "சரி, அறுக்கற இடத்துக்குப் போலாமா?" என்றாள். "வாங்க, எல்லாத்தையும் காட்டறேன்" என்று சொல்லி, கிழக்கே கூட்டிக்கொண்டு போனேன். கிழக்கே என்ன இருக்கிறது என்பது உனக்கே தெரியும்: பைன், பைன், அதற்கப்புறம் பைன். நடுக்காட்டில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "பெரியவரே, இதெல்லாம் பைன் மரமாச்சே. பிர்ச் எங்க?" "போன வருஷம் இருந்துது." "அதுக்குள்ள பைனா மாறிடுச்சா?" "காத்து அந்த மாதிரி அடிச்சுது அம்மணி." கோபமே வரவில்லை அவளுக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கையிலிருந்த போனில் எதையோ தட்டினாள். வரைபடமாம், போன இடமெல்லாம் புள்ளி விழுமாம். அடடா, என் இடம் மட்டும் அந்த வரைபடத்தில் விழுந்தால் கவுனாஸில் காபி குடிப்பவனெல்லாம் விரலால் தொட்டுப் பார்ப்பான் அல்லவா! நான் இன்னும் கொஞ்சம் கிழக்கே நடந்தேன்.

வழியில் நம் ஊர் ஸிக்மஸ் தன் தேன்கூட்டுப் பக்கம் நின்றிருந்தான். அவனுக்கு நான் ஒரு கண்ஜாடைகூடக் காட்டவில்லை, தேவையுமில்லை. அந்த அம்மாள் நேராக அவனிடம் போய், "ஐயா, இங்க யார் பிர்ச் காளான் அறுக்கறது?" என்று கேட்டாள். அந்தப் பாவி பல்லைக் காட்டிக்கொண்டு, "இந்த ஊர்ல காளான் அறுக்கறதுன்னா முட்டாள்தனம் பண்றதுன்னு அர்த்தம் அம்மணி. அப்படிக் கேட்டீங்கன்னா நம்ம அனுப்ரஸ் மாதிரி அறுக்க ஆளே கிடையாது. பொறந்ததுலேர்ந்து அறுக்கறான்" என்றான். "சரி, எங்க அறுக்கறார்?" என்று அவள் விடாமல் கேட்டதும் ஸிக்மஸ் மேற்கே கையை நீட்டினான். நான் கிழக்கே காட்டுகிறேன், அவன் மேற்கே காட்டுகிறான். பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்களைக் கேட்டாள், ஒருவர் ஆற்றுப் பக்கம் என்றார், ஒருத்தி கல்லறைத் தோட்டம் தாண்டி என்றாள், இன்னொருவர் "பிர்ச்சா? இந்த மாவட்டத்துலயே கிடையாதே" என்றார், பிர்ச்சின் வெள்ளைப் பட்டையை உரித்து முடைந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு! அவுரிமஸ், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிலத்தகராறில் முகம்கொடுத்துப் பேசாத ஜனங்கள், உன் வியாபாரத்துக்கு ஒரு ஆபத்து என்றதும் எப்படி ஒன்றாக நிற்கிறார்கள் பார்.

இதற்கு மேல் என் பக்கம் ஒரு சின்ன அசம்பாவிதம் நடந்தது; மற்றவர்கள் பெரிதாக்கிச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவளை ஒரேயடியாகக் களைப்பாக்கி அனுப்பிவிடலாம் என்று தெற்குச் சதுப்புக்கு நடத்திக்கொண்டு போனேன். அந்தச் சதுப்பில் எந்தப் புல்மேட்டில் கால் வைக்கலாம், எதில் கூடாது என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் மேடுகள் நான் கடைசியாகப் பார்த்தபிறகு இடம் மாறியிருக்கின்றன. திடீரென்று இடுப்புவரை இறங்கிவிட்டேன். ஒரு கால் எதிலோ மாட்டிக்கொண்டது. அசைத்தால் கிணிங் என்று ஒரு சத்தம். தலைவருடைய சைக்கிள்! மணி இன்னும் அடிக்கிறது. அந்தக் காலத்துப் பொருள் அப்படி. அந்த அம்மாள் கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. காய்ந்து கிடந்த ஒரு பைன் கிளையை இழுத்துக் குறுக்கே போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலை ஆட்டாதீங்க, மெதுவா, கொக்கு மாதிரி தூக்குங்க பெரியவரே" என்று சொல்லிச் சொல்லியே இழுத்துப் போட்டுவிட்டாள். என் இடது பூட்ஸ் சைக்கிளுக்குத் துணையாக அங்கேயே இருக்கிறது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கையில் தன் பிளாஸ்கிலிருந்து சூடாக டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இந்த ஒரு கையெழுத்துக்காக இப்படி உயிரை விடணுமா?" என்று கேட்டாள். "இடத்தைக் காட்டாம இருக்கறதுக்காகத்தான்" என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, பல் கிட்டித்துப்போய் வார்த்தை வரவில்லை.

தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாள். என் வீட்டு அடுப்பு அணைந்திருந்ததால் பார்போரா வீட்டில் இறக்கினாள். பார்போரா என்னைப் பார்த்ததும் வைத வசவை அவள் எழுதமாட்டேன் என்கிறாள். ("எழுதறேனே. கிழட்டுக் காளானே, நீ சதுப்புல போயிட்டா உன் பன்னிக்கு யார் தண்ணி வெப்பான்னு கேட்டேன். அதுல என்ன தப்பு?") காய்ச்சின சரக்கில் தேன் கலந்து கொடுத்து, குளிருக்குப் படுக்கும் அடுப்புத் திட்டின்மேல் ஏற்றிப் படுக்கவைத்து, ஆட்டுத்தோலைப் போர்த்தினாள். தூங்குவதற்கு முன்னால் நான் இவளிடம் ஜாக்கிரதையாக ஒரு வார்த்தை சொன்னேன்: "அந்த அம்மா என்ன கேட்டாலும் வாயத் திறக்காதே." "எனக்கு என்ன தெரியும் திறக்கறதுக்கு?" என்றாள். அதுவும் நியாயம்தானே என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

நான் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் அப்போதுதான் வாசலில் வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பூட்ஸ் நிறையச் சேறும் பிர்ச் இலையும். "எங்க போனீங்க?" என்றேன். "கோழியெல்லாம் காட்டினேன்" என்றாள் பார்போரா. பட்டணத்துக்காரிக்குக் கோழிகூட அதிசயம்! அந்த யோலந்தா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "எல்லாத்தையும் பார்த்துட்டேன் பெரியவரே, ரொம்ப நன்றி. உடம்பப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். தோற்றுப்போனவர்கள் எப்போதும் அப்படித்தான் மரியாதையாகப் பேசிவிட்டுப் போவார்கள். இடத்தைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் மேற்கே போய் மறையும்வரை நின்று பார்த்தேன்.

ஆகவே, உன் கொட்டகையைத் திறந்து வை. மெஷின்களுக்கு எண்ணெய் போடு. நார்வே பேச்சை எடுக்காதே. இடம் தெரியாமல் கையெழுத்து எப்படிப் போடுவாள் என்று நீ கேட்கலாம். அதெல்லாம் அதிகாரிகள் கவலை, நம் கவலையில்லை. நம் பங்கை நாம் சரியாகச் செய்துவிட்டோம். முதல் குளிர் விழுந்ததும் நானே அறுத்து இரண்டு மூட்டை அனுப்புகிறேன். டப்பாவில் முழங்காலை எடுத்துவிடு, இதயம் இருக்கட்டும்.

உனக்கும் ரூத்தாவுக்கும் வரப்போகும் குட்டி அனுப்ரஸுக்கும் (சும்மா ஞாபகப்படுத்துகிறேன்) தேவமாதா காவல் இருக்கட்டும். உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். ஸிக்மஸ் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னான். அவன் முட்டாள்தனம் என்று சொன்னதை நான் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதிலாக மூன்று சிலுவை போடும் உன் மாமன்
+ + +

பின்குறிப்பு: தம்பி அவுரிமஸ், இனி எழுதுவது பார்போரா, என் சொந்த வார்த்தையில். உன் மாமா விறகு எடுத்து வரப் போயிருக்கிறார். வெறும் ஒரு பூட்ஸோடு போவதால் நேரமாகும்.

கையெழுத்து விழுந்துவிட்டது. யோலந்தா அம்மாள் என் கோழிக்கூட்டின் மேலேயே காகிதத்தை வைத்துப் போட்டார். அதிகாரபூர்வமாக உனக்குத் தபாலில் வரும். இரண்டு நிபந்தனை: டப்பாவில் முழங்காலும் கூடாது, இதயமும் கூடாது. உன் மாமாவின் முழங்காலுக்கு நான்தான் வாத்துக் கொழுப்பு தேய்த்துவிடுகிறேன். அதில் காளானுக்குப் பங்கில்லை என்று அந்த அம்மாளிடம் நானும் சொல்லிவிட்டேன்.

உன் மாமாவின் இடம் எனக்குத் தெரியும். யுவோசபஸுக்கும் தெரிந்திருந்தது. பனிமூட்டத்து அன்று நாங்கள் அவரைப் பின்தொடரவில்லை தம்பி, அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அவர் முன்னால் போவதைப் பார்த்துவிட்டு, பாவம், சந்தோஷப்படட்டும் என்று கூடவே சுற்றினோம். ஸிக்மஸுக்கும் தெரியும். இந்த ஊரில் அந்த இடம் தெரியாதவர்கள் பசுமாடுகள்தான். ஆனால் அதில் ஒரு துண்டைக்கூட எவரும் தொட்டதில்லை. அவருடையதை ஓர் அதிகாரிக்குக் காட்ட எனக்கு என்ன உரிமை? அதனால் என்னுடையதைக் காட்டினேன். நானும் யுவோசபஸும் கல்யாணமான இலையுதிர் காலத்தில் கண்டுபிடித்த மரங்கள். அவர் போன பிறகு அங்கே என்னைத் தவிர எவரும் கால் வைத்ததில்லை. இப்போது அரசாங்க வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிட்டது. புள்ளி விழும்போது யோலந்தா அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "எங்கம்மாவும் காளான்காரிதான். இப்போ நீங்க என்ன குடுக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். நான் மரத்தைத் தட்டிக் காட்டினேன், அவ்வளவுதான்.

ஆகையால் இனி உன் டப்பாவுக்குள் என் மரத்துக் காளான்தான் போகவேண்டும். காகிதத்தில் பொய் கூடாது. குளிர் விழுந்ததும் நான் அறுத்து உன் மாமா மூட்டைக்குள் போட்டுவிடுகிறேன், அவர் அறுத்ததை எடுத்து எங்கள் இருவர் டீக்கும் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் பார்க்க ஒரே கரிதான். அவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் கேட்கமாட்டார், கேட்டால் தன் இடம் எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்ளவேண்டி வருமே.

நீ பிள்ளை பிறக்கும்போது வீட்டில் இரு. எனக்கு அது போதும். பெயர் விஷயத்தில் அவர் ஞாபகப்படுத்துவதைக் கண்டுகொள்ளாதே, ஆனால் அதே பெயரை வை.

வாசலில் விறகு போடும் சத்தம் கேட்கிறது. "இன்னும் என்னத்த எழுதறே?" என்கிறார். "தேதி போடறேன்" என்று சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று. உனக்கு வரும் காகிதத்தில் என் இடத்தின் எண் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு நாளும் தேடி வந்துவிடாதே, தம்பி. வந்தால் எல்லாத்தையும் காட்டுவேன்.